நெற்றியில் ஒரு கோடு: முகத்தைப் பாதியாகத் தேய்க்கும் நோயும் அதைத் தேடும் படங்களும்

புருவத்துக்கு மேலே, நெற்றியின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, செங்குத்தாக ஒரு மங்கலான கோடு. வெயிலில் கருத்திருக்கும் என்று முதலில் தோன்றும். குழந்தை எங்காவது இடித்துக்கொண்டிருக்கும் என்றும் நினைப்போம். சில மாதங்களில் அந்த இடம் லேசாகப் பளபளக்கும், தொட்டால் இறுகியிருக்கும், அப்புறம் மெல்லப் பள்ளம் விழும். கோடு தலைக்குள் ஏறினால் அங்கே முடி கொட்டி ஒரு பட்டை தெரியும். வாளால் வெட்டுப்பட்டு ஆறிய தழும்பு போல இருப்பதால் மருத்துவர்கள் இதைப் பிரெஞ்சு மொழியில் ‘ஆன் கூ த சாப்ர்’ என்று அழைக்கிறார்கள். மார்ஃபியா எனப்படும் தோல் இறுக்க நோயில், கோடாகப் பரவும் வகை முகத்தையும் தலையையும் பிடிக்கும்போது வரும் வடிவம் இது.

இதற்கு ஒரு நெருங்கிய உறவும் உண்டு. தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். ஆனால் அதற்கடியில் கொழுப்பும் தசையும் சில சமயம் எலும்பும் கரைந்து, முகத்தின் ஒரு பாதி மட்டும் ஒட்டிப்போகும். ஆங்கில மருத்துவர் காலெப் பாரியின் குறிப்புகள் அவர் இறந்த பின் 1825-இல் வெளியாயின. 1846-இல் ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் இதை விரிவாக எழுதினார். இருவர் பெயராலும் பாரி–ரோம்பெர்க் என்று வழங்குகிறது. ஒரே நோயாளியிடம் கோடும் ஒட்டலும் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால், இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள் என்று பலர் கருதுகிறார்கள். உடல் முழுவதையும், நுரையீரல் சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும் ஸ்க்லெரோடெர்மா வேறு, இது வேறு. பெயர்க் குழப்பத்தால் பெற்றோர் வீணாகப் பயந்துபோவதைப் பார்க்கலாம்; இது அதுவாக மாறுவது மிகமிக அபூர்வம்.

எவ்வளவு அரிது? பிரிட்டனிலும் அயர்லாந்திலும் எடுத்த ஒரு கணக்கில், உடலில் எந்த இடத்திலும் வரும் மார்ஃபியா எல்லாம் சேர்த்தே ஆண்டுக்கு 10 லட்சம் குழந்தைகளில் மூன்று நான்கு பேருக்குத்தான் புதிதாக வந்தது. அதில் முகத்தைப் பிடிப்பது ஒரு பகுதி மட்டுமே. எனவே ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். நோய் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தே பெயர் கிடைப்பதற்கு இதுவே முதல் காரணம். அதற்குள் களிம்புகள் மாறி மாறி வந்திருக்கும்: படர்தாமரைக்கு ஒன்று, தேமலுக்கு ஒன்று. தொடக்கத்தில் சிவந்த திட்டாக இருப்பதைப் பிறவி மச்சம், அதிலும் ‘போர்ட் வைன்’ மச்சம் என்று நினைத்து லேசர் சிகிச்சை கொடுத்துவிட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிறவி மச்சம் பிறக்கும்போதே இருக்கும். இது நடுவில் வந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும்.

சரி, ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா?

இங்கேதான் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. இந்த நோயின் பெயரை எந்த ஸ்கேனும் சொல்லாது. பெயரைச் சொல்வது அனுபவமுள்ள ஒரு தோல் மருத்துவரின் கண்ணும் விரலும். சந்தேகம் இருந்தால் பயாப்சி, அதாவது தோலில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது. ரத்தப் பரிசோதனைகூட இதில் பெரிதாக உதவாது. உடல் தன் செல்களையே எதிர்க்கிறதா என்று பார்க்கும் ஏஎன்ஏ சோதனை சிலருக்குப் பாசிட்டிவாக வரும், சிலருக்கு வராது, வந்தாலும் அது ஒன்றையும் முடிவு செய்வதில்லை. படங்கள் பதில் சொல்வது வேறு இரண்டு கேள்விகளுக்கு. நோய் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா, அல்லது அடங்கித் தழும்பு மட்டும் மிச்சமா? தோலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? சிகிச்சை முழுவதும் இந்த இரண்டு பதில்களைப் பொறுத்தே இருக்கிறது. பெயரைக் கண்டுபிடிப்பதோடு கண்டறிதல் முடிந்துவிட்டது என்று நினைத்தால், இந்த நோயில் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் நோயை மருந்தால் நிறுத்தலாம். போன சதையை மருந்தால் திருப்பிக் கொண்டுவர முடியாது. முகத்தைப் பாதிக்கும் வகைக்கு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டும், தொடக்கத்தில் சில மாதங்கள் ஸ்டீராய்டும் கொடுப்பதே இப்போது வழக்கம். இவை சாதாரண மருந்துகள் இல்லை. மெத்தோட்ரெக்ஸேட்டைக் கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கண்காணித்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் தர வேண்டியிருக்கும். அடங்கிப்போன தழும்புக்கு இதைக் கொடுப்பது வீண். ஓடிக்கொண்டிருக்கும் நோய்க்குக் கொடுக்காமல் விடுவது அதைவிடக் கொடுமை, ஏனென்றால் வளரும் வயதில் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வளராமல் நின்றுவிடும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம். பாடப் புத்தகங்களில் ‘திட்டின் ஓரத்தில் ஊதா நிற வளையம் இருந்தால் நோய் செயல்படுகிறது’ என்று இருக்கும். வெளிர்நிறத் தோலில் அது தெரியும். கருநிறத் தோலிலோ அந்த ஊதா, கருமையோடு கலந்து மறைந்துவிடும். அதே கருமை அடங்கிய நோயிலும் இருக்கும். பாரி–ரோம்பெர்க்கில் தோலின் நிறமே மாறாமல் போகலாம், வளையத்துக்கு எங்கே போவது?

இந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் உதவிக்கு வருகிறது. வயிற்றுக்கு எடுக்கும் கருவியின் அதிர்வெண் சில மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஆழம் போகும், நுணுக்கம் குறைவு. தோலுக்கு 15 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேண்டும். 18, 22 என்று போகப் போகத் தோலின் அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். 70 மெகாஹெர்ட்ஸ் கருவிகளும் இப்போது இருக்கின்றன. அவை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். நெற்றிக்கு அது போதும், கன்னத்துக்குச் சில சமயம் போதாது.

இயல்பான தோலில், கொலாஜன் என்ற புரத இழைகள் நிறைந்த நடுத்தோல் படத்தில் வெளுப்பாகவும், அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பு கருமையாகவும், இடையிடையே வெள்ளை இழைகளோடும் தெரியும். நோய் செயல்படும்போது இது ஏறக்குறைய தலைகீழாகிறது. அழற்சியால் நீர் கோத்து நடுத்தோல் தடித்துக் கருமையாகும்; கொழுப்பு அடுக்கு வெளுத்துப்போகும். கருவியில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வசதியை இயக்கினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடியிருப்பது நிறப்புள்ளிகளாகத் தெரியும். கொழுப்பு வெளுப்பதும் ரத்த ஓட்டம் கூடுவதும்தான் நோய் செயல்படுவதற்கான மிக நம்பகமான அடையாளங்கள் என்று தோல் அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடங்கிய நோயில் நடுத்தோல் மெலிந்திருக்கும், கொழுப்பு அடுக்கு குறைந்தோ காணாமலோ போயிருக்கும், டாப்ளரில் ஒன்றும் ஒளிராது. தோலின் நிறம் எதுவானாலும் ஒலி அலைக்கு ஒன்றுதான்.

ஆனால் முகம் எளிதான இடம் இல்லை. இமையில் தோல் மிக மெல்லியது, மூக்கு நுனியிலும் தாடையிலும் தடிமன். முகத்துக்கு இயல்பிலேயே ரத்த ஓட்டம் அதிகம். ஆகவே ‘நடுத்தோல் 1.4 மில்லிமீட்டர்’ என்று ரிப்போர்ட்டில் ஒற்றை எண் இருந்தால் அதற்குப் பொருளே கிடையாது. முகத்தில் ஒரே ஒரு வசதி: எதிர்ப்பக்கத்தில் அதே இடம் இருக்கிறது. இடது நெற்றியில் புருவத்துக்கு மேல் எந்த இடத்தை அளந்தார்களோ, வலது நெற்றியில் அதே இடத்தையும் அளந்து இரண்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நோய் இரண்டு பக்கமும் இருக்கும் அபூர்வமான சிலருக்கு மட்டும் இந்த ஒப்பீடு கைகொடுக்காது. அவர்களுக்கு நோய் தொடாத பக்கத்து இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் எடுப்பவரின் கையையும் பொறுத்திருக்கிறது. கருவியைக் கொஞ்சம் அழுத்தினாலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, ஓட்டமே இல்லாதது போலக் காட்டும். அதனால் ஜெல்லைத் தடிமனாகப் பூசி, கருவி தோலில் படாத மாதிரி மிதக்க விட்டுப் பிடிக்கிறார்கள். அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் முகத்தில் டாப்ளர் எப்படியும் ஒளிரும். அமைதியான பிறகு எடுத்ததுதான் கணக்கு. வயிற்று ஸ்கேன் நன்றாக எடுக்கும் ஒருவர் தோல் ஸ்கேனையும் நன்றாக எடுப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கிடைக்கும் வசதிகளில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகப் படுவது இதுதான் என்றாலும், இந்தப் பலவீனத்தை மறைத்துச் சொல்வதில் நியாயமில்லை.

பயாப்சிக்கும் இது துணை. நெற்றியின் நடுவில் ஒரு துண்டை எடுத்தால் அங்கே ஒரு தழும்பு நிலைத்துவிடும் என்பதால் மருத்துவர்களே தயங்குவார்கள். எந்த இடத்தில் நோய் செயல்படுகிறது என்று படம் காட்டினால், முடி மறைக்கும் ஓர் இடத்தில் ஒரே ஒரு துண்டு எடுத்து முடித்துவிடலாம். பயாப்சியில் தடித்த கொலாஜன் கற்றைகளும், ரத்தக் குழாய்களைச் சுற்றி அழற்சி அணுக்களும் தெரிந்தால் பெயர் உறுதி. பாரி–ரோம்பெர்க்கில் மேல்தோல் இயல்பாகவே இருக்கும்போது பயாப்சியும் பெரிதாக ஒன்றும் சொல்லாமல் போகக்கூடும்.

வெப்பப் படம் இன்னொரு வழி. அழற்சி இருக்கும் இடம் சூடாக இருக்கும். எதிர்ப்பக்கத்தைவிட அரை டிகிரிக்கு மேல் சூடு என்றால் நோய் செயல்படுகிறது என்று கொள்வார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, தொடவும் வேண்டாம். கேட்க அழகாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கொழுப்பு கரைந்துபோன பழைய பள்ளமும் சூடாகத்தான் தெரியும்; போர்வை விலகினால் உடம்பின் சூடு வெளியே வருவது போல, ஆழத்தில் இருக்கும் ரத்தத்தின் வெப்பம் தடையில்லாமல் மேலே வந்துவிடுகிறது. செத்த நோயை உயிருள்ளதாகக் காட்டிவிடும் படம் இது. குழந்தைகள் வாத நோய்க்கான ஐரோப்பிய நிபுணர் குழு 2019-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் வெப்பப் படத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் தோல் மெலிந்த இடத்தில் தவறாகக் காட்டும் என்று எச்சரித்தே சொல்கின்றன. புதிதாகத் தொடங்கிய கோட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் போன்ற மேற்பரப்புக் கருவிகள் தொடக்கச் சந்தேகத்துக்கு உதவும். நோயோ கொழுப்பு வரை போகிறது, அவை அந்த ஆழத்தைத் தொடுவதில்லை.

இனி இரண்டாவது கேள்வி, ஆழம். பெற்றோர் அதிகம் எதிர்பார்க்காத செய்தி இங்கேதான் வருகிறது: முகத்தில் இருக்கும் கோடு மூளையிலும் தடம் பதித்திருக்கலாம்.

மார்ஃபியா உள்ள 750 குழந்தைகளைப் பற்றிய ஒரு பன்னாட்டு ஆய்வு 2005-இல் வெளியானது. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்குத் தோலுக்கு வெளியேயும் ஏதாவது ஒரு பாதிப்பு இருந்தது. மூட்டு, நரம்பு மண்டலம், கண் என்று பல இடங்களில். நரம்பு, கண் பாதிப்புகள் முகத்திலும் தலையிலும் கோடு உள்ளவர்களிடம் குவிந்திருந்தன. மூளை தொடர்பானவற்றில் முதலிடம் வலிப்புக்கு. தலைவலியும் அடிக்கடி வரும். சிலருக்கு வலிப்பு முதலில் வந்து, கோடு பிறகு தெரியவந்திருக்கிறது.

எம்ஆர்ஐ-யில் அப்படிப்பட்டவர்களின் மூளையின் வெண்பொருளில் ஒளிர்ந்த திட்டுகள் தெரியும், பெரும்பாலும் கோடு இருக்கும் அதே பக்கத்தில். சிடி ஸ்கேன் எடுத்தால் அதே இடத்தில் சுண்ணாம்புப் படிவு இருக்கலாம், கோட்டுக்கு நேர் கீழே மண்டையோட்டின் வெளித்தகடு மெலிந்திருக்கலாம். இந்தப் படங்களைத் தனியாகப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் என்ன நினைப்பார்? மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய், ராஸ்முசென் மூளை அழற்சி, பழைய தொற்றின் தழும்பு, சில வேளை கட்டி. எல்லாமே நியாயமான சந்தேகங்கள்தான். ஸ்கேன் சீட்டில் ‘வலிப்பு’ என்று ஒரே சொல் எழுதியிருந்தால் அவர் வேறு எதை நினைக்க முடியும்? ‘வலது நெற்றியில் இரண்டு ஆண்டுகளாக இறுகிய கோடு’ என்று இன்னொரு வரி சேர்ந்திருந்தால் படம் வேறு மாதிரி வாசிக்கப்பட்டிருக்கும். தோல் மருத்துவர் ஒரு கட்டடத்தில், நரம்பியல் மருத்துவர் வேறொன்றில், ஸ்கேன் எடுப்பவர் மூன்றாவதில் என்று இருக்கும்போது அந்த வரியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பல சமயம் நோயாளியின் குடும்பம்தான்.

அறிகுறி ஒன்றும் இல்லாத குழந்தைக்கும் மூளை எம்ஆர்ஐ வேண்டுமா? இதில் கருத்து வேறுபாடு உண்டு. படத்தில் திட்டுகள் இருந்தும் ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். திட்டின் அளவுக்கும் அறிகுறிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கண்டுபிடித்துவிட்டு என்ன செய்வது, குடும்பத்தைப் பயமுறுத்துவதைத் தவிர என்று ஒரு தரப்பு கேட்கிறது. சிறு குழந்தையை அசையாமல் படுக்க வைக்க மயக்கம் கொடுக்க வேண்டியிருப்பதும் சின்ன விஷயம் அல்ல. மேலே சொன்ன 2019 பரிந்துரைகளோ, முகத்திலும் தலையிலும் நோய் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயைக் கண்டறியும் நேரத்தில் ஓர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கின்றன. என் சாய்வு இந்தப் பக்கம்தான். காரணம் பயம் அல்ல. நான்கு ஆண்டு கழித்து ஒரு தலைவலி வந்தால், அப்போது தெரியும் திட்டு புதியதா பழையதா என்று சொல்ல, முதல் நாள் படம் இல்லாமல் வழியில்லை.

எம்ஆர்ஐ மூளைக்கு மட்டும் அல்ல. அதே முறை படுக்க வைத்திருக்கும்போதே முகத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படங்களில், நோய் செயல்படும் இடத்தின் நீர்க்கோப்பு பளிச்சென்று தெரியும். மெல்லும் தசை எவ்வளவு மெலிந்திருக்கிறது, நாக்கின் பாதி சுருங்கியிருக்கிறதா, கண் உள்ளே போயிருக்கிறதா என்பதெல்லாம் அளந்து சொல்லக்கூடியவை.

தாடைக்குப் பல் மருத்துவர் எடுக்கும் பனோரமிக் எக்ஸ்-ரே போதும். நோய் சிறு வயதிலேயே தொடங்கி, கோடு தாடை வரை இறங்கினால், அந்தப் பக்கத்துப் பல் வேர்கள் குட்டையாக நின்றிருக்கும், பற்கள் முளைக்கத் தாமதமாகும், தாடை எலும்பு எதிர்ப்பக்கத்தைவிடச் சிறுத்திருக்கும். பல் சீரமைப்புக்குக் கம்பி போடுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும். எலும்புக்காகவும் சுண்ணாம்புப் படிவுக்காகவும் மட்டும் சிடி; அதன் கதிர்வீச்சைக் குழந்தைக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்கக் கூடாது. கண்ணைப் பொறுத்தவரை எந்த ஸ்கேனும் கண் மருத்துவரின் ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கிக்கு ஈடாகாது. இந்த நோயில் வரும் கண் உள் அழற்சி வலியோ சிவப்போ இல்லாமல் வரக்கூடியது, பார்வை மங்கிய பிறகே தெரியவரும்.

செல்போன் படத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவு கண்டறிந்துவிடும் என்ற பேச்சும் உண்டு. பொதுவான தோல் நோய்களில் அது முன்னேறியிருக்கிறது. அரிய நோய்க்குப் பயிற்சி கொடுக்கப் படங்களே குறைவு. இருப்பவற்றிலும் கருநிறத் தோலின் படங்கள் அதிலும் குறைவு. ‘தோல் மருத்துவரைப் பாருங்கள்’ என்று அது சொன்னால் நல்லது, ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அதைவிடப் பயனுள்ள படங்கள் வீட்டிலேயே இருக்கின்றன: பிறந்தநாள், பள்ளி அடையாள அட்டை, திருமணம் என்று ஆண்டுவாரியாக எடுத்தவை. கோடு எப்போது தொடங்கியது, எந்த வேகத்தில் நகர்ந்தது என்பதை அவை சொல்லும். ஒரு முக ஒட்டல் பிறவியிலேயே உள்ளதா, பிறகு வந்ததா என்பதையும் அவையே தீர்த்துவைக்கும். பிறவியில் ஒரு பக்கம் சிறுத்த முகம் கூடிக்கொண்டே போவதில்லை. பாரி–ரோம்பெர்க் சில ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டு வரைகூட, நகர்ந்து பிறகு தானே நின்றுவிடும்.

அது நின்றுவிட்டதா என்ற கேள்வி கடைசியில் அறுவை சிகிச்சை மேசை வரை வருகிறது. வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்துக் கன்னத்தின் பள்ளத்தை நிரப்பும் சிகிச்சை இப்போது பரவலாக இருக்கிறது. நோய் அடங்குவதற்கு முன் நிரப்பினால் அந்தக் கொழுப்பையும் நோய் தின்றுவிடும் என்ற அச்சத்தால், பலரும் குறைந்தது ஓராண்டாவது மாற்றமில்லாமல் இருக்கட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். முன்கூட்டியே செய்வதில் தவறில்லை என்று வாதிடும் அறுவை மருத்துவர்களும் உண்டு. எப்படியானாலும், ‘மாற்றமில்லை’ என்பதை நினைவை வைத்துச் சொல்லக் கூடாது. ஒரே இடம், ஒரே அதிர்வெண், எதிர்ப்பக்கத்தின் அளவும் சேர்த்து, சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டுகள் கையில் இருக்க வேண்டும்; முப்பரிமாணப் புகைப்பட வசதி இருந்தால் பள்ளத்தின் கன அளவையும் குறித்து வைக்கலாம். மருந்தை நிறுத்திய பிறகு கணிசமானோருக்கு நோய் திரும்புகிறது, சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து. அதனால் சிகிச்சை முடிந்த நாளில் ஓர் ஸ்கேன் எடுத்து, அதன் படங்களைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. அடுத்த முறை பார்ப்பவர் ஒப்பிட வேண்டியது படத்தோடு.